பனங்கொட்டைக் கணக்கும் வடலிக் கணக்கும்

ஆவணி, புரட்டாசி மாதங்களில் தென் ஜில்லாக்களின் குளத்தங்கரைகளிலும், கண்மாய்க் கரைகளிலும், திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிகளிலும் பனங்கொட்டை ஊன்றும் வேலை சில வருஷங்களாக மும்முரமாக நடந்து வருகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், வாலிபர் சங்கத்தாரும், பஞ்சாயத்தாரும் சாக்குச் சாக்காகக் கொட்டைகளைக் கொணர்ந்து ஊன்றுகிறார்கள். பனை 1978-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. 2021-ஆம் வருஷத்தில் வெளிவந்த முதல் தனி வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், 76 லட்சம் பனங்கொட்டைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் குடியானவர்களுக்கு வழங்கப்படும் என்றும், கலெக்டரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்றும் கூறப்பட்டது. செங்கற் சூளைகளுக்கு லாரி லாரியாகப் பனை வெட்டப்பட்டுப் போனதைக் கண்ணாரக் கண்ட கிராமங்களுக்கு இவ்வேற்பாடு பெரிதும் வேண்டியதே என்பதில் ஐயமில்லை.

ஆனால், இன்ன கிராமத்தில் இத்தனை ஆயிரம் கொட்டைகள் ஊன்றப்பட்டன என்று எழுதியவுடனே காரியம் நிறைவேறிவிட்டதாகக் கருதும் வழக்கம் பரவி வருகிறது. இது திருத்தப்பட வேண்டியதாகும். நெல்லுக்கு விதைத்த மரக்கால் கணக்கை வைத்து மாசூலைச் சொல்லுவோர் எவரும் இலர். பனைக்கு மாத்திரம் ஊன்றிய கொட்டையின் தொகையே மரத்தின் தொகையாக எழுதப்படுகிறது. மூன்று வருஷங் கழித்து அவ்விடத்தில் எத்தனை கன்றுகள் உயிரோடு நிற்கின்றன என்று எண்ணிப் பதிவு செய்தாலன்றி, இம்முயற்சியில் செலவான பணமும் உழைப்பும் மணலில் ஊற்றிய நீர்போலாகும்.

இதன் காரணம் பனையின் வளர்ச்சி முறையிலேயே அடங்கியிருக்கிறது. ஈர மண்ணில் விழுந்த பனங்கொட்டை மற்ற விதைகளைப்போல் உடனே மேலே முளைவிடுவதில்லை. அதிலிருந்து குழாய் போன்ற ஒரு முளைத் தண்டு நேரே கீழ்நோக்கி மண்ணுக்குள் இறங்குகிறது. கன்றின் உயிர்க்குருத்து அந்தத் தண்டின் நுனியோடு ஆழத்திற்குக் கொண்டு போகப்படுகிறது. சில மாதங்களில் அங்கே கிழங்கு திரளுகிறது. பொங்கற் காலத்தில் சந்தைக்கு வரும் பனங்கிழங்கு, இளங்கன்று தனக்கென்று தேடி வைத்த உணவேயாகும். முதல் ஓலை மண்ணுக்கு மேலே தலைகாட்டப் பல மாதங்களாகும். ஈரம் குறைந்த இடங்களில் ஒரு வருஷமும் ஆகலாம். கோடை வெயிலுக்கும், மேய்ச்சலுக்கும், கரையில் வைக்கும் நெருப்புக்கும் எட்டாத ஆழத்தில் குருத்தை மறைத்து வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டினாலேயே, பல மரங்கள் தாங்காத தேரி மணலில் பனை நிலைத்து நிற்கிறது.

அதன் பிறகும் பனை அவசரப்படுவதில்லை. வேம்பும் புளியும் வருஷந்தோறும் அடிமரம் பருத்து வளரும். பனைக்கும் தென்னைக்கும் அவ்வாறு பின்னர்ப் பருக்கும் சக்தி கிடையாது. ஆகையால், மேலே எழும்புவதற்கு முன்னமே தன் அடிமரத்திற்கு வேண்டிய பருமன் முழுவதையும் அது தரைமட்டத்திலேயே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வடலியாக நிற்கும் அந்தப் பல வருஷங்களில் ஓலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அகன்றுகொண்டே வரும். அடிமரம் கண்ணுக்குத் தெரியாது. 'ஐந்து வருஷமாகியும் மரம் எழும்பவில்லை, கொட்டை நல்ல ஜாதியில்லை போலும்' என்று குறை சொல்லுவோர் இதை அறிந்துகொள்ளுதல் நலம். பாளை விடுவதற்கு 12 முதல் 20 வருஷங்கள் ஆகலாம். ஆண்பனையா, பெண்பனையா என்பதும் அப்பொழுதுதான் தெரியும். அதற்கு முன் கொட்டையைப் பார்த்தோ ஓலையைப் பார்த்தோ சொல்லிவிடலாமென்று கூறுவதெல்லாம் ஊகமே.

மெதுவாக வளரும் பாலைத் தாவரங்கள் யாவற்றிற்கும் முதற் சில வருஷங்களே கண்டம். அமெரிக்கா தேசத்தில் அரிஸோனாப் பகுதியிலுள்ள சொனோரா பாலைவனத்தில் சகுவாரோ என்னும் தூண்போன்ற கள்ளி வளருகிறது. முதல் 8 வருஷங்களில் அது ஒன்று அல்லது ஒன்றரை அங்குல உயரமே வளருமென்றும், பூக்கச் சுமார் 35 வருஷங்களும், கிளைவிட 50 வருஷங்களுக்கு மேலும் ஆகுமென்றும் அந்நாட்டார் கண்டிருக்கிறார்கள். முதிர்ந்தபின் எந்த வெயிலையும் தாங்கும் அந்தக் கள்ளி, சிறு கன்றாயிருக்கையில் வேறொரு மரத்தின் அல்லது புதரின் நிழலில் ஒதுங்கியே பெரும்பாலும் பிழைக்கிறது. வெட்டவெளியில் முளைத்தவற்றுள் மிகச் சிலவே தப்புகின்றன. தேரிக்காட்டில் உடைமரத்தின் அடியிலும், முள்வேலியின் ஓரத்திலும் தானாக முளைத்த வடலிகள் செழித்து நிற்பதையும், நடுமணலில் வரிசையாக ஊன்றியவை காணாமற்போவதையும் பார்த்திருக்கும் குடியானவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

ஊன்றிய கொட்டைகள் வீணாவதற்குரிய காரணங்களில் சில வெளிப்படையானவை. கிழங்கு திரளும் மார்கழி, தை மாதங்களில் பிள்ளைகளும் பெரியவர்களும் அதைத் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். குளத்தங்கரையில் சீமைக் கருவேலத்தை அகற்ற வரும் இயந்திரம் அதனோடு கரையையும் புரட்டிவிடுகிறது. முதல் ஓலை தலைகாட்டிய கோடையிலேயே கிடையாட்டு மந்தை அவ்விடத்திற்கு வந்து சேருகிறது. ஓலையை ஒரு முறை கடித்தால் கன்று சாகாது. திரும்பத் திரும்பக் கடிக்கப்பட்டால் கிழங்கிலுள்ள உணவு செலவாகிக் குருத்து மடியும்.

வெளிப்படையாகத் தெரியாத காரணம் ஒன்று உண்டு. அது கணக்கெடுக்கும் காலத்தைப் பற்றியது. ஐப்பசியில் ஊன்றிய இடத்தைப் பங்குனியில் சென்று பார்த்தால் மேலே ஒன்றுமே தெரியாது. 'முளைக்கவில்லை' என்று எழுதிவிட்டு, அடுத்த மழைக்கு அதே இடத்தைக் கிளறி மறுபடியும் கொட்டை ஊன்றுகிறார்கள். கீழே உயிரோடிருந்த முளைகள் மண்வெட்டியால் அறுபட்டுப் போகின்றன. புதுக் கொட்டையின் தொகை மாத்திரம் கணக்கில் மேலும் ஏறுகிறது. இவ்விதமாக ஒரே கரையில் மூன்று வருஷங்களில் மூவாயிரம் கொட்டைகள் ஊன்றியதாகக் கணக்கும், முப்பது வடலிகூட இல்லாத கரையும் ஏற்படக்கூடும். ஊன்றிய இடத்தை இரண்டாவது மழைக்காலம் கழியும்வரை கிளறாமலிருப்பதே முதல் விதி.

பைகளில் வளர்த்த கன்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆழமாக இறங்க வேண்டிய முளைத் தண்டு, உயரமில்லாத பையின் அடியில் முட்டி வளைந்துபோகிறது. நடுகையில் எளிதில் முறிந்தும் விடுகிறது. ஆழமான பையில் வளர்த்து, இளமையிலேயே அசைக்காமல் நட்டால் பிழைக்கும். ஆயினும் தேரி, மானாவாரி நிலங்களுக்கு நேரே கொட்டை ஊன்றுவதே செலவு குறைந்ததும் நம்பத்தக்கதுமான முறையாகும்.

இனி, நிலமுடையவர்கள் சொல்லும் ஆட்சேபத்தை எடுத்துக்கொள்ளலாம். பதினைந்து வருஷத்திற்குப் பலன் தராத மரத்திற்கு யார் வேலி கட்டுவார்கள் என்பதே அது. இது நியாயமான கேள்வி. பனையின் பெருமையை எடுத்துரைப்பதால் இதற்கு விடை சொன்னதாகாது. பனையேறும் தொழிலுக்கு ஆள் கிடைப்பது அருகிவிட்டது. பதநீர் இறக்க ஆளில்லாத ஊரில் பாளையின் வருமானத்தைக் காட்டி ஆசை காட்டுவதும் சரியன்று. ஓலை, மட்டை, நார், நுங்கு, கிழங்கு, காற்றுத் தடுப்பு, வரப்பின் உறுதி ஆகிய இவைகளையே நிச்சயமான பலனாக எண்ணிக் கணக்குப் போட வேண்டும்.

அவ்வாறு கணக்குப் போட்டால், தோப்பாகப் பனை வைப்பது சிறு நிலக்காரருக்கு ஏற்றதன்று. பத்தடிக்குப் பத்தடியாக ஊன்றினால் ஏக்கருக்குச் சுமார் 435 கன்றுகள் ஆகும். அதில் ஏறக்குறையப் பாதி ஆண்பனையாகப் போகலாம். இத்தனைக்கும் நிலம் முடங்கிக் கிடக்கும். நிலத்தின் எல்லை வரப்பில் மாத்திரம் பத்தடிக்கு ஓரிடமாக, இடத்திற்கு இரண்டு கொட்டை வீதம் ஊன்றினால் பயிருக்குரிய நிலம் குறைவதில்லை. சதுரமான ஓர் ஏக்கரின் நான்கு வரப்புகளும் சேர்ந்து சுமார் 835 அடி நீளம் இருக்கும்; எண்பது பனைக்கு மேல் இடமுண்டு. இரண்டு முளைத்த இடத்தில் வலுவானதை விட்டு, மற்றதை மூன்றாவது வருஷத்தில் நீக்கிவிடலாம்.

வேலியின் செலவுக்கு வழி, அந்த வேலிக்குள் சீக்கிரம் பலன் தரும் வேறொன்றை வைப்பதே. மானாவாரித் தரிசுகளுக்கு இப்போது பலரும் எடுத்துச் சொல்லும் முள்ளில்லாச் சப்பாத்திக் கள்ளி இவ்விஷயத்தில் ஆலோசிக்கத் தக்கது. ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட பிரதேச ஆராய்ச்சி நிலையம் முதலிய இடங்களில் இது தீவனப் பயிராக வளர்த்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. பகல் வெயிலில் தன் சுவாசத் துவாரங்களை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் அவற்றைத் திறந்து காற்றை உட்கொள்ளும் இயல்புடையதாகையால், அது செலவிடும் நீர் மிகச் சொற்பம். முள்ளில்லாததாகையால் ஆடும் மாடும் விரும்பித் தின்னும். ஆகவே அதற்கும் வேலி அவசியம். உடைமுள்ளால் ஒரே வேலி கட்டினால், உள்ளே கள்ளியும் வரப்பில் பனங்கன்றும் ஒருங்கே காக்கப்படும். மானாவாரியில் இரண்டாவது அல்லது மூன்றாவது வருஷத்திலிருந்து கள்ளி மடலை அறுக்கலாமாகையால், வேலியைப் புதுப்பிக்க நிலக்காரருக்கு மனம் வரும். கள்ளிக்காகக் கட்டிய வேலியில் பனை இலவசமாகப் பிழைத்துக்கொள்ளும். சொனோராவில் மர நிழல் செய்கிற உபகாரத்தை இங்கே தீவனக் கள்ளியின் வேலி செய்யுமென்று சொல்லலாம்.

கள்ளியை நடும் முறை எளிது. இலைபோலத் தோன்றும் மடல் உண்மையில் அதன் தண்டேயாகும். முதிர்ந்த மடலைக் கணுவில் அறுத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை ஒன்று இரண்டு வாரம் நிழலில் வைக்க வேண்டும். பச்சையாக நட்டால் அழுகும். பிறகு, அடிப்பாகத்தில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ மண்ணில் இருக்குமாறும், தட்டையான முகங்கள் கிழக்கையும் மேற்கையும் நோக்குமாறும் நிறுத்த வேண்டும். நட்டவுடன் நீர் விடலாகாது. தண்ணீர் தேங்கும் பள்ளமும் களிமண்ணும் இதற்கு உதவா. தேரி மணல் ஏற்றதே எனினும், காற்று மணலை அரித்துச் செல்லும் முகட்டில் வைத்தால் வேர் வெளியே தெரியும், சரிவே நல்லது.

தீவனமாகக் கொடுக்கையில் ஒன்றை மறக்கலாகாது. பச்சை மடலில் பத்தில் ஒன்பது பங்கு நீரேயாம். பத்துக் கிலோ கொடுத்தால் காய்ந்த சத்து ஒரு கிலோ அளவுதான் சேரும். அதிலும் புரதம் குறைவு. இதை மாத்திரம் தின்ற மாடு கழிச்சலெடுக்கும். நறுக்கிச் சோளத்தட்டை அல்லது வைக்கோலுடன் கலந்து, கூடுமானால் கடலைக்கொடியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கோடையில் தண்ணீருக்கும் பச்சைக்கும் தட்டுப்பாடான மாதங்களில் மாட்டின் உயிரைத் தாங்கும் துணைத் தீவனமென்று இதைக் கொள்ளலாமேயன்றி, கறவை மாட்டின் முழு உணவாகக் கொள்வது தவறு.

கள்ளி என்றவுடன் முதியவர்கள் முகஞ்சுளிப்பதற்குக் காரணமில்லாமலில்லை. திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி என்று இந்நாட்டார் வழங்கும் பாலுள்ள செடிகள் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. சப்பாத்திக் கள்ளியோ அமெரிக்காவிலிருந்து வந்தது. சிவப்புச் சாயம் தரும் காக்கினீல் பூச்சியை வளர்க்கும் பொருட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் சென்னைச் சைதாப்பேட்டையில் வைத்தியர் ஜேம்ஸ் ஆண்டர்ஸன் கள்ளித் தோட்டம் ஏற்படுத்தினார். 1795-இல் ரியோ டி ஜனேரோவிலிருந்து கொண்டுவரப்பட்ட பூச்சி, விரும்பிய உயர்ந்த ஜாதியன்று. சாயம் இலாபம் தரவில்லை. தோட்டம் ஒழிந்தது, கள்ளி ஒழியவில்லை. வேலிக்கென்று வைத்தவை தரிசுகளிலும் புறம்போக்குகளிலும் பரவின. சாயத்திற்கு உதவாத அப்பூச்சியே 1863-க்கும் 1868-க்கும் இடையில் தென்னாட்டில் ஓரினக் கள்ளியை அழிக்கப் பயன்பட்டது. அது தொடாத மற்றோர் இனமான முட்கள்ளி பின்னர் நிலத்தைப் பிடித்துக்கொண்டது. 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு காக்கினீல் பூச்சி கொண்டுவரப்பட்ட பின்னரே, சில வருஷங்களில் அந்தத் தொல்லை அடங்கியது.

இந்தப் பழைய கதையிலிருந்து இன்றைய வேலைக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, முள்ளில்லாக் கள்ளியைப் புறம்போக்கிலோ குளத்தங்கரையிலோ ஒருபோதும் வைக்கலாகாது. விதையிலிருந்து முளைக்கும் கன்றுகளில் முள் மறுபடியும் தோன்றக்கூடும். பறவைகள் பழத்தைத் தின்று விதையை எங்கும் பரப்பும். சொந்த நிலத்தில், வேலிக்குள், ஆண்டுதோறும் அறுத்துத் தின்னக் கொடுக்கக்கூடிய அளவுக்கு மாத்திரமே அதற்கு இடம் தரலாம். பழுக்குமுன் மடலை அறுத்துவிடுவது உத்தமம். இரண்டாவது, 1926-இல் வந்த இனத்துப் பூச்சி 2014-இல் மொராக்கோ தேசத்தில் காணப்பட்டுச் சில வருஷங்களுக்குள் அங்கே பழத்திற்கும் தீவனத்திற்கும் வளர்த்த கள்ளித் தோட்டங்களைப் பெருமளவு பாழாக்கிற்று. ஆகையால், ஏக்கர் கணக்கில் கள்ளியையே நம்பி முதல் போடுவது விவேகமன்று. மடலில் பஞ்சுபோன்ற வெள்ளைப் பொட்டுகள் தோன்றி, நசுக்கினால் சிவந்த சாறு வருமாயின், அம்மடலை உடனே அறுத்துப் புதைத்துவிட வேண்டும். பயிருக்கு இருபது சென்ட் நிலம் ஒதுக்கினால் ஒரு குடும்பத்தின் இரண்டொரு மாடுகளுக்குத் தொடக்கத்தில் போதுமானது. வளர்ச்சியைப் பார்த்தே மேலே கூட்ட வேண்டும்.

வேலிக்கு வழியில்லாத புறம்போக்குகளிலும் குளத்தங்கரைகளிலும் பனையைக் காப்பது கிராம அதிகாரிகளையும் பஞ்சாயத்தையும் பொறுத்தது. 1980-இல் கர்ணம், முன்சீப் முதலிய பழைய பதவிகள் எடுக்கப்பட்டுவிட்டன எனினும், மரங்களைக் கிராமக் கணக்கில் காட்டும் வழக்கம் புதியதன்று. புறம்போக்கிலுள்ள மரத்தின் பலனை அநுபவிக்க மரப்பட்டா கொடுக்கும் முறையும் இருக்கிறது. கரையருகே குடியிருக்கும் ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு இன்ன நீளமுள்ள கரை என்று ஒப்படைத்து, மூன்றாவது வருஷத்தில் உயிரோடு நிற்கும் வடலிக்குத் தக்கபடி கூலியும், பின்னால் அவற்றின் ஓலையிலும் நுங்கிலும் பாத்தியமும் தருவதாக ஏற்பட்டால், ஆடு தானாகவே விலகும். கொட்டை ஊன்றிய அன்றே கூலி முழுவதையும் கொடுத்துவிட்டால், பிறகு அக்கரையைத் திரும்பிப் பார்க்க எவருக்கும் காரணமில்லை. கிழங்கின்மேல் பிள்ளைகளுக்குள்ள ஆசையைத் தடுக்க முயல்வதைவிட, ஊருக்கருகே மணற்பாத்தி போட்டுக் கொட்டைகளை நெருக்கமாக அடுக்கிக் கிழங்குக்கென்றே தனியாக விளைவித்துக் கொடுப்பது சுலபம். நிலக்காரருக்கும் அது முதல் வருஷத்திலேயே கைக்கு வரும் வருமானம்.

கணக்குப் புத்தகத்தில் பெரிய மாறுதல் வேண்டியதில்லை. சர்வே நம்பர், ஊன்றிய மாதம், கொட்டையின் தொகை என்று இப்போது எழுதுவதோடு இன்னும் இரண்டு பத்திகள் கோடு போட்டால் போதும்: இரண்டாவது மழைக்காலம் கழிந்தபின் தை மாதத்தில் ஓலை தெரியும் கன்றுகள் எத்தனை, மூன்றாவது வருஷத்துத் தையில் விசிறி ஓலையோடு நிற்பவை எத்தனை. கரையை வேலை செய்ய இயந்திரம் வருவதற்கு முன் அந்தப் புத்தகத்தைப் பார்த்து, கன்றுள்ள இடங்களில் கம்பு நட்டுச் சுண்ணாம்பு பூசிக் காட்டிவிட வேண்டும். இவ்வருஷத்து ஊன்றலுக்குரிய கொட்டைகளை ஆவணியிலேயே, நன்றாகப் பழுத்துத் தானாக விழுந்த பழங்களிலிருந்து, நிறையக் காய்க்கும் மரங்களைப் பார்த்துப் பொறுக்கி, நார் நீக்காமல் நிழலில் குவித்து வைத்துக்கொண்டால் முதல் மழைக்குத் தயாராயிருக்கும்.